உட்கார ஒரு வாக்கியம்

போன ஆடி மாதம் அம்மாவோடு தி.நகரில் ஒரு துணிக்கடைக்குப் போயிருந்தேன். அம்மா புடவை பார்டர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கவுன்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. அதன்மேல் பிரிக்காத அட்டைப்பெட்டி இரண்டு. புடவை எடுத்துப்போட்ட பெண் ஒன்றரை மணி நேரமும் நின்றுகொண்டேதான் இருந்தார். “இதுல உட்காரலாம் இல்லையா?” என்று கேட்டேன். “உட்காரலாம்க்கா. பெட்டிய எங்க வைக்கிறது?” என்றார்.

அந்த ஸ்டூல் அங்கே வந்ததற்குக் காரணம் ஒரே ஒரு வாக்கியம். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். எல்லாப் பணியாளர்களுக்கும் தகுந்த இருக்கை ஏற்பாடு இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்காரக் கிடைக்கும் வாய்ப்பை அவர்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும், வேலை நேரம் முழுக்க நின்றபடியே இருப்பதைத் தவிர்க்க வேண்டும். இதுதான் அதன் சாரம். ஆங்கில மூலத்தில் ‘நுனிக்காலில் நிற்கும்’ நிலை என்று மேற்கோள் குறிக்குள் போட்டிருப்பார்கள். சட்டப் புத்தகத்தில் இப்படி ஒரு சொல் வந்து உட்காருவது அபூர்வம்.

சட்டம் எழுதுவது, சட்டத்தைப் பற்றி எழுதுவது, சட்டம் மாற வேண்டும் என்று எழுதுவது. இந்த மூன்றையும் செய்து பிழைக்க முடியுமா என்று மாதத்துக்கு ஒரு சட்டக் கல்லூரி மாணவராவது என்னிடம் கேட்கிறார். ஆளாளுக்குப் பதில் எழுதி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் அட்வகேட் என்றால் தெரியும். அட்வகசி என்றால், “அது அட்வகேட்டோட பொண்டாட்டியா?” என்று என் சித்தப்பா நிஜமாகவே கேட்டார். தமிழில் இதற்குச் சிலர் ‘கொள்கைப் பரப்புரை’ என்கிறார்கள். அந்தச் சொல்லை அலுவலகத்தில் யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. அரசு ஒரு விதியைக் கொண்டுவரும்போது, அல்லது கொண்டுவராமலே இருக்கும்போது, ‘இதை இப்படி மாற்றுங்கள், காரணம் இது’ என்று உரிய ஆளிடம் உரிய நேரத்தில் உரிய காகிதத்தைச் சேர்ப்பது. சித்தப்பாவுக்கு இப்படித்தான் விளக்கினேன். “மனு எழுதுறன்னு சொல்லு” என்றார். பெரிதாகத் தப்பில்லை.

நான் படித்தது அரசு சட்டக் கல்லூரியில் மூன்றாண்டுப் படிப்பு. பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளின்படி மூன்றாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 12 வாரம் இன்டர்ன்ஷிப் வேண்டும், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம். ஒரு வருடத்தில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் போகக் கூடாது. விசாரணை நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞரிடமும் மேல்முறையீட்டில் வாதாடும் வழக்கறிஞரிடமும் ஒருமுறையாவது இருந்திருக்க வேண்டும். பலர் இதைக் கையெழுத்து வாங்கும் சடங்காக முடித்துவிடுகிறார்கள். அது அவர்கள் இஷ்டம். நானும் முதல் வாரம் அப்படித்தான் நினைத்தேன்.

என் முதல் நான்கு வாரம் ஒரு முன்சீப் கோர்ட் வக்கீலிடம். கட்டு தூக்கினேன், டீ வாங்கினேன், வாய்தா தேதிகளை டைரியில் குறித்தேன். இரண்டாவது வாரம் ஒரு பழைய கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தை ஆங்கிலத்தில் மாற்றித் தரச் சொன்னார்கள். நான்கெல்லை. ‘இன்னார் நிலத்துக்குக் கிழக்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு’ என்று போகும். நான் கிழக்கு எல்லை இன்னார் நிலம், மேற்கு எல்லை வண்டிப்பாதை என்று அழகாகத் தட்டச்சு செய்து கொடுத்தேன். குமாஸ்தா அண்ணன் வாங்கிப் பார்த்தார். சிரிக்கக்கூட இல்லை. ஒரு வெள்ளைத் தாளில் கட்டம் போட்டு, “இன்னார் நிலத்துக்குக் கிழக்குல நம்ம நிலம் இருக்குன்னா, இன்னார் நிலம் நமக்கு எந்தப் பக்கம்மா?” என்றார். மேற்கு. வண்டிப்பாதை கிழக்கில். நிலத்தையே நான் திருப்பிப் போட்டிருந்தேன். அது அப்படியே தாவாவோடு போயிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அன்றைக்குத் தீபாவளி.

லீகல் ரைட்டிங் என்று பிறகு எத்தனையோ வகுப்பில் உட்கார்ந்தேன், சில வகுப்புகளை நானே எடுத்தும் இருக்கிறேன். அந்த வெள்ளைத் தாளைவிட நல்ல பாடம் கிடைக்கவில்லை. எழுதி முடித்ததைப் படமாக வரைந்து பார். வரைய முடியவில்லை என்றால் உனக்கே அது புரியவில்லை.

இரண்டாவது இன்டர்ன்ஷிப் கொள்கை ஆய்வு செய்யும் ஒரு சிறிய அமைப்பில். முதல் நாளே ஆர்வக்கோளாறில் தகவல் உரிமைச் சட்ட மனு ஒன்றை எழுதினேன். எங்கள் பக்கத்து அரசு விடுதி ஒன்று மூடிக்கிடந்தது. ‘இந்த விடுதி ஏன் திறக்கப்படவில்லை? இதற்கு யார் பொறுப்பு?’ என்று கேட்டு, 10 ரூபாய் கட்டணத்தோடு அனுப்பினேன். சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும். 29-ஆவது நாள் வந்தது. கேட்கப்பட்டது ‘தகவல்’ என்ற வரையறைக்குள் வராது என்று இரண்டு வரி. கோபத்தோடு படம் எடுத்து அனுப்பினேன். அந்த அமைப்பில் எனக்கு மூத்தவராக இருந்த அக்கா, “அவங்க சொல்றது சரிதான். ஏன்னு கேட்டா ஃபைல்ல பதில் இருக்காது. ஃபைல்ல என்ன இருக்கோ அதைக் கேளு” என்றார். கோப்பில் இருப்பதைத்தான் கொடுக்க வேண்டும், காரணம் யோசித்து எழுதித் தர அதிகாரிக்குக் கடமை இல்லை. அப்புறம் மனுவை மாற்றினோம். விடுதிப் பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகை, செலவழித்த தொகை, கடைசியாக ஆய்வு செய்த தேதி, ஆய்வறிக்கையின் நகல். கேள்விக்குறியே இல்லாத ஒரு மனு. நான்கு பக்கம் பதில் வந்தது. ‘ஏன்’ என்பதற்கான விடை அந்த நான்கு பக்கத்தின் கூட்டல் கழித்தலில் இருந்தது.

அடுத்தது 2020. ஊரடங்கு. வீட்டு மொட்டை மாடியில் நெட்வொர்க் தேடிக்கொண்டே வேலை பார்த்த காலம். ஆலை, சுரங்கம் போன்ற திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கும் விதிகளை மாற்ற, ஒன்றிய அரசின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை வந்திருந்தது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் அதை மொழிபெயர்க்க வேண்டும் என்று ஜூன் 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. கருத்துச் சொல்லும் கெடுவும் ஆகஸ்ட் 11 வரை நீண்டது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கு நாலு பக்கம் என்று பிரித்துக்கொண்டு தமிழாக்கம் செய்தோம். அது வேறு கதை.

என் வேலை கருத்துரை எழுதுவது. 22 பக்கம் எழுதினேன். ‘ஜனநாயகத்தின் குரல்வளை நெரிக்கப்படுகிறது’ என்று ஒரு பத்தி இருந்தது. அந்தப் பத்தியை நானே மூன்று முறை படித்துப் பூரித்தேன். அக்கா முழுவதையும் படித்துவிட்டுப் போன் செய்தார். “நல்லா எழுதியிருக்க. இதை மேடையில பேசலாம். இப்ப அமைச்சகத்துல ஒரு அண்டர் செக்ரட்டரி உட்கார்ந்திருக்கார்னு வெச்சுக்கோ. அவருக்கு முன்னாடி லட்சக்கணக்குல மெயில். உன் 22 பக்கத்துல அவர் வெட்டி ஒட்ட ஒரு வரி எங்க இருக்கு?”

இல்லை.

மூன்று கட்டம் போடச் சொன்னார். முதல் கட்டத்தில் வரைவில் இருக்கும் வாசகம், இம்மி மாறாமல். இரண்டாவதில் நாம் கேட்கும் வாசகம், சட்ட நடையில். மூன்றாவதில் காரணம், ஐந்து வரிக்கு மிகாமல். பொதுமக்கள் கருத்துச் சொல்ல 2006 அறிவிக்கை கொடுத்த 30 நாளை இந்த வரைவு 20 நாளாகக் குறைத்திருந்தது. முதல் கட்டத்தில் 20, இரண்டாவதில் 30. சரி, மூன்றாவதில் என்ன? குரல்வளை பத்தியைச் சுருக்கிப் போட்டேன். அதையும் அடித்தார். “நாள் கணக்கு போடு” என்றார்.

போட்டோம். விளம்பரம் பேப்பரில் வருகிறது. கிராமத்தில் யாரோ பார்த்துச் சொல்ல இரண்டு மூன்று நாள். திட்டத்தின் தாக்க மதிப்பீட்டு அறிக்கை இருப்பது ஆட்சியர் அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும். பஸ் ஏறிப் போனால், நாளைக்கு வாங்க என்பார்கள். முழு அறிக்கை பல நூறு பக்கம், ஆங்கிலத்தில். தமிழில் இருப்பது சுருக்கம் மட்டும். படித்துச் சொல்ல ஒரு வாத்தியாரையோ கல்லூரிப் பிள்ளையையோ பிடிக்க வேண்டும். ஊர்க்கூட்டம் போட ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். அப்புறம்தான் எழுதவே உட்கார முடியும். இதையெல்லாம் கூட்டினால் 20 நாள் எங்கே போயிற்று என்று தெரிந்துவிடும். அந்தக் கணக்கு ஐந்து வரியில் அடங்கியது. 22 பக்கம் இரண்டரைப் பக்கமானது. கீழே என் பெயர் இல்லை, அமைப்பின் பெயர்தான். முதல் இரண்டு நாள் அது உறுத்தியது, இல்லை என்று சொன்னால் பொய்.

ஒன்றிய அரசின் சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாளாவது பொதுவெளியில் வைக்க வேண்டும் என்று 2014-இல் ஒரு கொள்கை வகுத்தார்கள். அது சட்டம் இல்லை, அரசு தனக்குத் தானே சொல்லிக்கொண்டது. அதனால் பல மசோதாக்கள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காமல் அவைக்குப் போய்விடுகின்றன. இந்த வேலைக்கு வருகிறவர்கள் இந்த எரிச்சலோடு வாழப் பழக வேண்டும். நாம் எழுதியதை யாராவது படித்தார்களா என்பதே பாதி நேரம் தெரியாது. திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைத் தனிநபர் மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் நிறைவேறவே இல்லை. 2019-இல் வேறொரு சட்டம் வந்தது, அதன்மேல் திருநர் சமூகத்துக்கே நிறைய வருத்தங்கள். ஆனால் அந்த வருத்தங்களைப் பட்டியலிட்ட பலரும், பக்கத்தில் வைத்து ஒப்பிட எடுத்தது அந்த நிறைவேறாத மசோதாவைத்தான்.

தமிழ் வழியில் படித்தவர்கள் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்பது ஆங்கிலத்தைப் பற்றி. ஆங்கிலம் வேண்டும். வேண்டாம் என்று ஆறுதலுக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் தமிழ் தெரியாமல் இங்கே இந்த வேலை நொண்டும். இதற்கும் என் தப்பு ஒன்றையே சொல்கிறேன்.

வேலையில் சேர்ந்த முதல் வருடம், பழவேற்காடு ஏரிப் பக்கத்து மீனவர்கள் ஒரு கூட்டத்தில் பேசியதன் ஒலிப்பதிவை ஆங்கிலமாக்கும் வேலை வந்தது. ஒரு பெரியவர், “எங்க பாடு போயிடும்” என்றார். ‘எங்களுக்குத் துன்பம் வரும்’ என்கிற அர்த்தத்தில் மாற்றிவிட்டேன். பாடு என்றால் கஷ்டம்தானே, படாத பாடு பட்டேன் என்கிறோமே. அதே பதிவில் கொஞ்சம் தள்ளி இன்னொருவர், “பாடு சீட்டுப் போட்டுத்தான் எடுப்போம்” என்றபோது உறைத்தது. துன்பத்தைச் சீட்டுப் போட்டு எடுப்பார்களா? விசாரித்தேன். ஏரியில் வலை கட்டும் இடங்களை முறைவைத்து, சீட்டுக் குலுக்கிப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக உண்டு. அதன் பெயர் பாடு. பெரியவர் சொன்னது புலம்பல் இல்லை. வழக்கமாக அனுபவித்துவரும் ஓர் உரிமை பறிபோகும் என்று சொல்லியிருக்கிறார். உரிமை என்றால் அதற்கு நஷ்டஈடு கேட்கலாம், ஆட்சேபணை பதியலாம், வழக்கே போடலாம். துன்பம் என்றால், ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அன்றிரவு முழு மொழிபெயர்ப்பையும் முதலிலிருந்து செய்தேன். ‘பாடு’ என்பதை அப்படியே வைத்து, பக்கத்தில் விளக்கம் எழுதினேன்.

பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்களில் மக்கள் எழுப்பிய பிரச்சினைகளின் அறிக்கை உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்பது 2006 அறிவிக்கையிலேயே உள்ள விதி. இரண்டு மொழியிலும் கால் ஊன்றிய ஆட்களுக்கு வேலை இருக்கிறது என்று இதைத்தான் சொல்கிறேன்.

சரி, எங்கே போய்க் கேட்பது? நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு ஆய்வு உதவியாளராக இருக்கும் லாம்ப் ஃபெலோஷிப் 2010-லிருந்து நடக்கிறது. நடத்துவது டெல்லியில் உள்ள பிஆர்எஸ் என்ற சட்டமன்ற ஆய்வு அமைப்பு. எந்தப் பட்டம் படித்தவரும் விண்ணப்பிக்கலாம். 2022-இல் தமிழ்நாடு அரசு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. இரண்டு வருடம், முதல் அணியில் 30 பேர், திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனத்தோடு சேர்ந்து. துறைகளுக்குள்ளிருந்து அரசு எப்படி எழுதுகிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் தெரியவில்லை. சட்ட வரைவிலேயே ஆர்வம் என்றால் 2013-இல் தொடங்கிய விதி சென்டர் என்ற சட்டக் கொள்கை ஆய்வு அமைப்பு. நுகர்வோர், மின்சாரம், நகரம் என்றால் சென்னையில் 1985 முதல் இருக்கும் சிஏஜி என்ற நுகர்வோர், குடிமக்கள் அமைப்பு (அரசுக் கணக்குத் தணிக்கை சிஏஜி இல்லை). தீர்ப்பு எழுதப்படுவதைப் பக்கத்திலிருந்து பார்க்க ஆசை என்றால், உச்ச நீதிமன்ற நீதிபதிகளிடம் ஆய்வு உதவியாளர் வேலை. 2024-இல் மாதம் 80,000 ரூபாய் கொடுத்தார்கள், போட்டியும் அதற்கேற்ற மாதிரி.

காசைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தைப் பேசுவது அயோக்கியத்தனம். பல இன்டர்ன்ஷிப்களில் ஒரு பைசா கிடையாது. சென்னையில் ஹாஸ்டல் வாடகை, மெஸ், பஸ் என்று நான்கு வாரத்துக்கு ஆகும் செலவை யார் கொடுப்பது? என் இரண்டாவது இன்டர்ன்ஷிப் வீட்டிலிருந்து நடந்ததால்தான் நான் அதைச் செய்தேன். சென்னையில் தங்கித்தான் ஆக வேண்டும் என்றிருந்தால் இந்தத் துறைப் பக்கமே வந்திருக்க மாட்டேன். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர் வழக்கறிஞர்களுக்கு மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது உதவித்தொகை தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. இன்டர்ன்களைப் பற்றி அதில் பேச்சில்லை. ஒரு இடத்தில் விண்ணப்பிக்கும்போதே, உதவித்தொகை உண்டா, வீட்டிலிருந்து செய்யலாமா என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

இன்னொன்று, யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. சம்பளத்துக்கு முழுநேர வேலையில் சேர்ந்தால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துப் பிராக்டீஸை நிறுத்திவைக்க வேண்டும். விதி 49. பதிவு செய்த கையோடு கோட்டைக் கழற்றி மாட்டியவள் நான். அந்தக் கறுப்புக் கோட்டு பீரோவில் தொங்குகிறது. அம்மா அதை வருடத்துக்கு ஒருமுறை எடுத்து வெயிலில் போடுகிறார். ஒன்றும் சொல்ல மாட்டார், வெயிலில் மட்டும் போடுவார்.

இன்டர்ன்ஷிப் கேட்டு எங்களுக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சு. இப்போது ஏஐ வந்ததும் இன்னும் பளபளப்பான அச்சு. போன வருடம் ஒருவர் அனுப்பிய மாதிரிக் கட்டுரையில் இரண்டு தீர்ப்புகள் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. அவை இல்லவே இல்லை. நாங்கள் எடுத்த பையன் அனுப்பியது ஒரே பக்கம். அவன் ஊர் ரேஷன் கடையில் தொங்கும் அறிவிப்புப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது, விதிப்படி என்ன எழுதியிருக்க வேண்டும், எது இல்லை. பக்கத்தில் போனில் எடுத்த படம். ஆங்கிலத்தில் ஏழெட்டுப் பிழை இருந்தது.

துணிக்கடைக்குப் போய் வந்த மறுநாள் அவனிடம் ஸ்டூல் விஷயத்தைச் சொன்னேன். அந்த 22-ஏ வாக்கியம் பிறந்த கதையையும் சொன்னேன். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜியும் அவருடைய பெண்கூட்டு அமைப்பும் முதலில் கேட்டது கழிப்பறை, பிறகு உட்காரும் உரிமை. கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது, மூன்று வருடத்தில் நாம். அவன் தேடிப் பார்த்துவிட்டு வந்து, “அக்கா, இது 1948 ஃபேக்டரி சட்டத்துல 44-ஆவது பிரிவு மாதிரியே இருக்கு” என்றான். நின்று வேலை செய்யும் ஆலைத் தொழிலாளி, வேலைக்கு நடுவே கிடைக்கும் ஓய்வைப் பயன்படுத்திக்கொள்ள இருக்கை வேண்டும் என்றது அது. கிட்டத்தட்ட அதே வாக்கியம். ஆலையிலிருந்து கடைக்கு வர அதற்கு 73 வருடம் ஆகியிருக்கிறது. 44-க்கு ஓர் உட்பிரிவும் இருந்தது (2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது). உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலை என்று தலைமை ஆய்வாளர் கருதினால் இருக்கை போடச் சொல்லி எழுத்துமூலம் உத்தரவிடலாம் என்றது அது. கடைக்கு வந்த வாக்கியத்தோடு அது வரவில்லை.

மூன்று கட்டம் போட்டோம். முதல் கட்டத்தில் 22-ஏ. இரண்டாவதில், ‘அந்த இருக்கையில் சரக்கு வைக்கக் கூடாது’ என்று ஒரு வரி சேர்த்தேன். “அப்ப ஸ்டூலையே தூக்கிடுவாங்கக்கா” என்றான். அடித்துவிட்டு, ‘இத்தனை பணியாளருக்கு இத்தனை இருக்கை’ என்று எண்ணிக்கை போட்டோம். எத்தனைக்கு எத்தனை என்பதற்கு எங்களிடம் கணக்கு இல்லை. சனிக்கிழமை அவன் தி.நகர் போகிறான், கவுன்டருக்குப் பின்னால் எண்ணிப் பார்க்க. பெட்டியை எங்கே வைப்பது என்று அந்தப் பெண் கேட்டதையும் விசாரித்து வரச் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.